முதலில் முகம், அப்புறம் பேச்சு

போன இதழில் ஏதோ ஒரு பதிலின் நடுவே, எனக்கு வலது காது அறவே கேட்காது, இடது காதில் மெஷின் போட்டிருக்கிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பெரும்பாலான கடிதங்களில் கேள்வி ஒன்றுதான்: காது சரியாகக் கேட்காதவரிடம் பேச்சை எப்படித் தொடங்குவது? அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என் மாமனாருக்கு 74 வயது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நாலு தடவை கூப்பிட்டு, ஐந்தாவது தடவை சத்தமாகக் கூப்பிட்டால் "ஏம்மா இப்படிக் கத்துற, எனக்கென்ன காது செவிடா" என்று கோபித்துக்கொள்கிறார். எனக்கும் அலுத்துப் போகிறது. என்னதான் செய்வது?

நீங்கள் சொல்வதும் உண்மை, அவர் சொல்வதும் உண்மை. மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்கவில்லை, சத்தமாகச் சொன்னால் காது வலிக்கிறது. இரண்டும் ஒரே காதில்தான் நடக்கின்றன. உள்காதில் நத்தைக்கூடு மாதிரி ஓர் உறுப்பு இருக்கிறது, அதற்குள் ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 மயிரிழைச் செல்கள். மெல்லிய ஓசையைப் பெரிதாக்கிக் கொடுப்பது இவற்றில் ஒரு வகையின் வேலை. வயதாலோ இரைச்சலாலோ அவை பழுதானால் மறுபடி முளைப்பதில்லை. அப்போது மெல்லிய ஓசை காணாமல் போய்விடும், ஆனால் பெரிய ஓசை பழையபடி பெரிதாகவே வந்து விழும். கேட்காததற்கும் வலிப்பதற்கும் நடுவில் இருக்கிற இடம் சுருங்கிவிடுகிறது. நீங்கள் நாலாவது தடவை கூப்பிட்டது அந்த இடத்துக்குக் கீழே, ஐந்தாவது தடவை அதற்கு மேலே.

அதனால் குரலைக் கூட்டுவதை விட்டுவிடுங்கள். முதலில் அவர் கண்ணில் படுங்கள். பின்னாலிருந்து கூப்பிட வேண்டாம், சுற்றிக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே வாருங்கள். பார்க்கவில்லையா, கையை லேசாக அசையுங்கள், இல்லையென்றால் பக்கவாட்டிலிருந்து தோளை மெதுவாகத் தொடுங்கள். முதுகில் தட்டாதீர்கள், தூக்கிவாரிப் போடும் (எனக்குப் பலமுறை போட்டிருக்கிறது, அதற்கப்புறம் என்ன சொன்னாலும் மண்டையில் ஏறாது). அவர் உங்களைப் பார்த்த பிறகு "மாமா" என்று கூப்பிடுங்கள். ஒரு மூச்சு விடுங்கள். அப்புறம் எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள், "மாமா, பேங்க் விஷயம்" என்று. அவர் தலையசைத்ததும் முழு வாக்கியத்துக்குப் போங்கள்.

இந்த இடைவெளி வீண் சடங்கு இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு எந்தப் பேச்சிலும் முதல் மூன்று நான்கு சொற்கள் போய்விடும், யாரோ பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளவே அந்த நேரம் செலவாகிவிடுகிறது. விஷயம் என்னவென்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், பேங்க் தொடர்பாக வரக்கூடிய சொற்களை மூளை எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளும். அரைகுறையாக விழுவதைக்கூட அதை வைத்து முழுமையாக்கிவிடலாம்.

என் மகள் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்கிறாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால், வந்து மேஜையின் ஓரத்தில், புத்தகத்துக்குப் பக்கத்தில், கையை விரித்து வைப்பாள். வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பாள். நான் அந்தப் பத்தியை முடித்து நிமிரும்வரை அந்தக் கை அங்கேயே இருக்கும். நிமிர்ந்ததும் "அம்மா, நாளைக் காலை" என்பாள், நான் "சொல்லு" என்ற பிறகுதான் மீதி. மொத்தமாகப் பத்து விநாடிகூட ஆகாது. உங்கள் வீட்டில் ஐந்து தடவை கூப்பிடுவதற்கு இதைவிட அதிக நேரம் ஆகும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: அப்பா "சத்தம் கேட்குது, ஆனா என்ன சொல்றேன்னு புரியலை" என்கிறார். அது எப்படி? வேண்டுமென்றே அப்படிச் சொல்கிறாரோ என்று அண்ணனுக்குச் சந்தேகம்.

அண்ணனிடம் இந்தப் பதிலைக் கட்டாயம் படிக்கக் கொடுங்கள். அப்பா உள்ளதை உள்ளபடி சொல்கிறார்.

வயதாகும்போது வரும் காது மந்தத்தில் முதலில் போவது உயர்ந்த சுருதி ஓசைகள். பேச்சில் உயிரெழுத்துகளுக்குத்தான் பலம் அதிகம், அவை தாழ்ந்த சுருதியில் இருக்கின்றன, அதனால் நன்றாகவே காதில் விழும். க, ச, த, ப ஆகியவை சொல்லின் தொடக்கத்தில் வரும்போது ஒரு சின்ன வெடிப்போ சீறலோதான், அதுவும் பெரும்பாலும் உயர்ந்த சுருதியில். இலக்கணத்தில் இவற்றை வல்லினம் என்கிறோம், ஆனால் காது மந்தமானவருக்கு முதலில் நழுவுவது இவைதான். படி என்றாலும் கடி என்றாலும் தடி என்றாலும் அப்பாவின் காதில் விழுவது "அடி". குரல் கேட்கிறது, ஏற்ற இறக்கம் கேட்கிறது, யார் பேசுகிறார்கள் என்பதும் தெரிகிறது, சொல் மட்டும் பிடிபடுவதில்லை. அப்போது நீங்கள் கத்தினால் பெரிதாவது உயிரெழுத்துதான், முதலில் "அடி" என்று கேட்டது இப்போது "அடீ" என்று கேட்கும். கத்துகிற முகத்தில் வாயும் கோணிப்போவதால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் வழியில்லை.

உதட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று, குரல் வராமல் வாயை மட்டும் அசைத்து "பணம்", "மணம்" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். "பாடு", "மாடு" கூட அப்படித்தான். ஆக, உதட்டை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் புரிந்துகொள்ள யாராலும் முடியாது. ஆனால் அப்பாவின் காதுக்கு ப-வும் ம-வும் வேறு வேறு என்று தெரியும், ம என்பது மூக்கில் ஒலிக்கிற தாழ்ந்த ஓசை, அது தப்பித்துவிடும். காதுக்குக் குழப்பம் ப-வா க-வா என்பதில்தான், அதை உதடு காட்டிக்கொடுத்துவிடும், ப சொல்லும்போது உதடு மூடும், க சொல்லும்போது மூடாது. காது விட்டதைக் கண் பிடிக்கிறது, கண் விட்டதைக் காது பிடிக்கிறது, இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு முழுச் சொல். "முகத்தைப் பார்த்துப் பேசு" என்று நான் எல்லோரிடமும் நச்சரிப்பது இதனால்தான்.

எனவே வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் உங்கள் முகம் அப்பாவுக்குக் கறுப்பாகத்தான் தெரியும். வாயைக் கையால் மறைக்காமல், எதையும் மெல்லாமல் பேசுங்கள். மாஸ்க் போட்டால் உதடும் மறையும், மிச்சமிருக்கிற உயர்ந்த ஓசையும் அமுங்கும், இரட்டை நஷ்டம். இதோடு பேச்சின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, வாக்கியத்துக்கு வாக்கியம் ஓர் இடைவெளி விட்டால் போதும். ஒவ்வொரு எழுத்தாக இழுத்து இழுத்துச் சொல்ல வேண்டாம், அப்படிச் சொன்னால் சொல்லின் உருவமே மாறிவிடும்.

கேள்வி: திரும்பத் திரும்ப அதையே சொன்னாலும் பாட்டிக்குப் புரிவதில்லையே?

அதையே சொல்வதால்தான். ஒரு தடவை திரும்பச் சொல்லுங்கள். அப்போதும் புரியவில்லை என்றால் சொல்லை மாற்றுங்கள். "சாயங்காலம் வர்றாங்க" பிடிபடவில்லையா, "இன்னைக்கு ஆறு மணிக்கு வருவாங்க" என்று சொல்லிப் பாருங்கள். பாட்டிக்குப் பாதி பிடிபட்டு "யாரு?" என்று மட்டும் கேட்டால் அந்தப் பெயரை மட்டும் சொல்லுங்கள், முழுக்கதையையும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். எண்களில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அறுபது, எழுபது இரண்டும் எனக்கு இன்றும் ஒன்றாகத்தான் கேட்கின்றன. "ஆறு, பூஜ்யம்" என்று தனித்தனியாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் எழுதிக் காட்டிவிடுங்கள். மருந்து வேளையும் தேதியும் எழுத்தில்தான் இருக்க வேண்டும், அதில் சமரசம் கூடாது.

கேள்வி: எழுதிக் காட்டினால் அவமானப்படுத்துவதாக நினைத்துக்கொள்ள மாட்டார்களா?

முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதினால் நினைப்பார்கள். சாதாரணமாக, பேச்சின் நடுவே ஒரு சொல்லை மட்டும் எழுதிக் காட்டிவிட்டு மறுபடி வாயால் தொடர்ந்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இசைமேதை பீத்தோவன் 1818 முதல் 1827-ல் இறக்கும்வரை பக்கத்தில் நோட்டுப்புத்தகம் வைத்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்ல வேண்டியதை அதில் எழுதுவார்கள், அவர் பெரும்பாலும் வாயாலேயே பதில் சொல்வார். அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட நோட்டுகள் இன்னும் இருக்கின்றன. படித்தால் பெரும்பாலும் மற்றவர்கள் சொன்னது மட்டும்தான் இருக்கும், அவருடைய பதில்களில் பெரும்பகுதி காற்றோடு போய்விட்டது. அவ்வளவு பெரிய மனிதரிடமும் பேச்சைத் தொடங்க ஒரு பென்சில் போதுமானதாக இருந்திருக்கிறது. இன்றைக்குக் கைபேசியிலேயே பேசப் பேச எழுத்தாக மாற்றித் தரும் வசதி வந்துவிட்டது, தமிழையும் எழுதும். கொஞ்சம் தப்பும் செய்யும், ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வதைப் புரிந்துகொள்ள எனக்குப் பெரிய உதவி.

கேள்வி: அம்மா எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார். கேட்டுத்தான் ஆட்டுகிறாரா என்று தெரியவில்லை. "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது" என்கிறார், கடைசியில் ஒன்றும் புரியவில்லை என்று தெரியவருகிறது.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன், ஏனென்றால் அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகவே தெரியும். நானும் பல வருஷம் ஆட்டியிருக்கிறேன்.

அது எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். ஒருவர் ஏதோ சொல்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், நாம் "என்ன?" என்று கேட்கிறோம். திரும்பச் சொல்கிறார், பாதிதான் விழுகிறது, மறுபடி "என்ன?" என்கிறோம். அப்போது அவர் கையை ஆட்டி, "ஒண்ணுமில்ல, விடுங்க" என்கிறார். இல்லையென்றால் "அப்புறம் சொல்றேன்" என்கிறார், அந்த அப்புறம் வருவதே இல்லை. அவருக்கு அது ஒரு சின்ன விஷயம், உண்மையிலேயே ஒன்றுமில்லாத விஷயமாகவும் இருக்கலாம். ஆனால் கேட்டவருக்கு அது, உனக்காக இன்னொரு தடவை வாய் திறக்க எனக்கு மனமில்லை என்பதாகத்தான் போய்ச் சேரும். பத்து தடவை இப்படி ஆன பிறகு பதினோராவது தடவை அவர் "என்ன?" என்று கேட்பதில்லை, சிரித்துத் தலையாட்டிவிடுவார். அம்மா உங்களை ஏமாற்றவில்லை, உங்களுக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று ஒதுங்கிக்கொள்கிறார்.

எனவே முதல் வேலை, உங்கள் வீட்டில் "ஒண்ணுமில்ல, விடுங்க" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். குழந்தைகளிடமும் சொல்லிவையுங்கள். சின்ன நகைச்சுவையாக இருந்தாலும் அவருக்குத் திரும்பச் சொல்ல வேண்டும், நகைச்சுவை ஆறிப்போனாலும் பரவாயில்லை, அதைக் கேட்டு அவர் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பார்.

அடுத்தது, "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். அதற்கு ஆமாம் என்பதைத் தவிர வேறு பதிலே கிடையாது. "அப்போ எத்தனை மணிக்குக் கிளம்பலாம்மா?" என்று கேளுங்கள். நேரம் சொன்னால் புரிந்திருக்கிறது, விழித்தால் புரியவில்லை, இரண்டிலும் அவர் பரீட்சை எழுதியது போல உணர மாட்டார். தப்பாகச் சொன்னால் உடனே திருத்துங்கள், சிரிக்காமல்.

சாயங்காலம் ஆனால் அம்மாவுக்குக் கேட்பது இன்னும் குறைந்தது போலத் தோன்றுகிறதா? காது அதேதான், மூளை களைத்திருக்கிறது. நாள் முழுக்க விட்டுப்போன எழுத்துகளை ஊகித்து ஊகித்து நிரப்பிக்கொண்டிருப்பது கடுமையான வேலை, வெளியே தெரியாது. முக்கியமான பேச்சைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காது மெஷின் போட்டுவிட்டால் சாதாரணமாகப் பேசலாம்தானே?

மூக்குக்கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவாகத் தெரிகிற மாதிரி இது இல்லை. மெஷின் ஓசையைப் பெரிதாக்கிக் கொடுக்கும், இன்றைய மெஷின்கள் இரைச்சலையும் ஓரளவு குறைத்துக் கொடுக்கும். ஆனால் பழுதான செல்களை அது சரிசெய்வதில்லை. டிவி ஓடுகிற அறையில் டிவியும் சேர்ந்துதான் பெரிதாகும்.

தூரம் ரொம்ப முக்கியம். திறந்த வெளியில் தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் குரலின் பலம் 6 டெசிபல் (ஓசையின் பலத்தை அளக்கும் அலகு) கூடும், நீங்கள் தொண்டையைக் கிழித்துக்கொள்ளாமலேயே. மூன்று நான்கு அடியில் நின்று பேசுங்கள். அதற்காகக் காதுக்குள் வாயை வைத்துப் பேசாதீர்கள், மெஷின் கீச்சிடலாம், உங்கள் முகமும் தெரியாது. டிவியை அணையுங்கள், மின்விசிறி சத்தம் போட்டால் குறையுங்கள், அடுத்த அறையிலிருந்து பேசவே பேசாதீர்கள்.

புதிதாக மெஷின் போட்டவருக்குச் சில வாரங்களாவது அவகாசம் கொடுங்கள். போட்ட முதல் நாள் எனக்குக் காகிதம் திருப்புகிற சத்தம்கூடக் காதைக் கிழித்தது, என் காலடியே யாரோ பின்னால் வருகிற மாதிரி இருந்தது. அந்த நாட்களில் "இவ்வளவு செலவு பண்ணியும் கேட்கலையா" என்று ஒருவர் கேட்டுவிட்டால் மெஷின் அலமாரிக்குப் போய்விடும்.

கேள்வி: அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவர் காது மெஷின் போட்டிருக்கிறார். அதைப் பற்றிக் கேட்கலாமா, கண்டுகொள்ளாமல் இருப்பது மரியாதையா?

மெஷினைப் பற்றிக் கேட்காதீர்கள், வசதியைப் பற்றிக் கேளுங்கள். "எப்படி ஆச்சு, பிறவியிலேயே இப்படியா" என்பதெல்லாம் பழகின பிறகு அவரே சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். முதல் நாள் உங்கள் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டு, "நான் எந்தப் பக்கம் உட்கார்ந்தா உங்களுக்கு வசதி?" என்று கேளுங்கள். என்னிடம் ஒருவர் இப்படிக் கேட்டால் அன்றைய பாதி பாரம் இறங்கிவிடும், நானே நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை பாருங்கள்.

மீட்டிங்கில் ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேசப்போகிறவர் கையை உயர்த்தினால் போதும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பேச்சு வேறு விஷயத்துக்குத் தாவினால் ஒரு சொல்லில் சொல்லிவிடுங்கள், "இப்போ பட்ஜெட்" என்று. நானெல்லாம் பழைய விஷயத்துக்குப் பொருத்தமாகச் சொற்களை ஊகித்துக்கொண்டே இருந்து, பத்து நிமிஷம் கழித்து எதுவும் பொருந்தவில்லையே என்று விழித்திருக்கிறேன்.

அவர் சைகை மொழியில் பேசுகிறவராக இருந்து, கூடவே மொழிபெயர்ப்பவரும் வந்தால், மொழிபெயர்ப்பவரைப் பார்த்து "அவர்கிட்ட சொல்லுங்க" என்று பேசாதீர்கள். அவரையே பார்த்து அவரிடமே பேசுங்கள். கண் அங்கும் இங்கும் போய்வருவது அவருக்குப் பழக்கம்.

கேள்வி: போனில் மட்டும் தாத்தாவுக்கு ஒன்றுமே கேட்பதில்லை, நேரில் பரவாயில்லை.

சாதாரண தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் (சுருதியை அளக்கும் அலகு) வரையிலான ஓசையைத்தான் கடத்தும், அதற்கு மேலே இருக்கிற சீறல் ஓசைகள் வெட்டுப்பட்டுவிடும். முகமும் இல்லை. வீடியோ அழைப்புக்கு மாறுங்கள், முகம் திரையில் பெரிதாகத் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் உட்காருங்கள். அழைக்கும் முன்னால் ஒரு வரி செய்தி அனுப்பிவிடுங்கள், எதைப் பற்றி என்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: நேற்றுவரை கேட்டுக்கொண்டிருந்த காது திடீரென ஓரிரு நாளில் கேட்காமல் போனால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். சில நேரம் வெறும் காதழுக்காக இருக்கும். ஆனால் உள்காது பாதிப்பாக இருந்தால் சிகிச்சைக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு.

கேள்வி: எனக்கு 58 வயது. எனக்கேதான் காது குறைந்துகொண்டு வருகிறது. பேச்சைத் தொடங்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும், வாய் வருவதில்லை. செவிடி என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

அம்மா, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 60 வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் வாழ்க்கையைப் பாதிக்கிற அளவுக்குக் காது மந்தம் இருக்கிறது. நாம் ரொம்பப் பெரிய கூட்டம். ஆனால் நம் பேச்சுவழக்கில் "செவிடன் காதில் ஊதின சங்கு" என்று ஒரு பழமொழியை யோசிக்காமல் எடுத்துவிடுகிறார்கள், உங்கள் பயத்துக்கு அதுவும் ஒரு காரணம். என் முன்னால் யாராவது அதைச் சொன்னால் எனக்கு வலிக்கிறது என்று நேராகவே சொல்லிவிடுகிறேன், இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

"எனக்குக் காது கேட்காது" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். கேட்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது, உடனே கத்தத் தொடங்கிவிடுவார். என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் சொல்வது இதுதான்: "எனக்கு இடது காதுதான் கேட்கும், இந்தப் பக்கம் வந்து என்னைப் பார்த்துப் பேசுறீங்களா, சத்தம் இவ்வளவு போதும்." அவ்வளவுதான்.

முதல் தடவை ஒரு கவுன்ட்டரில் நின்று இதைச் சொன்னபோது என் குரல் தடுமாறியது, பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. கவுன்ட்டரில் இருந்த பையன் எழுந்து, கண்ணாடித் தடுப்பின் ஓரமாக வந்து நின்று, என் முகத்தைப் பார்த்து, "இப்போ சரியா கேட்குதாம்மா?" என்றான்.